பொம்மைக்கு விலை சொல்லும் முன்...



அரிசி விலை, ஜி.எஸ்.டி., தொழில் உரிமக் கட்டணம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்த முறை பொம்மையைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறோம். பருப்பு நிறுப்பவனுக்கும் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் அன்பர்கள், முழுவதும் படித்துவிட்டுக் கேட்கும்படி வேண்டுகிறோம். இதில் நாங்கள் செய்த தவறு ஒன்றும் இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்கிறோம். இன்னொரு கடையில் அது நடக்கக் கூடாது என்பதே நோக்கம்.

நாங்கள் அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மளிகைக் கடை நடத்துகிறோம். எங்கள் தங்கை மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வந்தவள், மூலையில் கிடந்த பழைய தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பச்சை நிறத்தில் ஃப்ளீஸ் துணி வாங்கி வந்து ஏதோ தைக்கத் தொடங்கினாள். பத்து நாள் கழித்துக் கடைக்குக் கொண்டு வந்து காட்டினாள். நான்கு கால், அகன்ற வாய், சிவந்த கண், முதுகில் பெரிய உருண்டை ஒன்று. மூட்டை இறக்க வந்த தொழிலாளி அதைப் பார்த்துவிட்டு, "என்ன பாப்பா, தவளை முதுகில பூண்டை ஏத்தி வச்சிருக்கே?" என்று கேட்டார். கடையே சிரித்தது. "பூண்டு இல்லண்ணே, அது விதை" என்றாள் அவள்.

அந்தப் பிராணியின் பெயர் பல்பசோர். வீடியோ கேமில் வருகிற பிராணி. 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனத்தின் கேம் பாய் கருவிக்காக 'போக்கிமான்' என்ற விளையாட்டு வெளிவந்தது. அதில் 151 பிராணிகள். பல்பசோருக்கு வரிசையில் முதல் எண். மஞ்சள் நிற பிகாச்சு அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இன்று அந்தக் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. 2016-இல் செல்போனில் 'போக்கிமான் கோ' வந்தபோது பையன்கள் போனைப் பிடித்துக் கொண்டு தெருத் தெருவாக அலைந்ததை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

இதில் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. நின்டெண்டோ 1889-இல் கியோட்டோ நகரில் ஃபுசாஜிரோ யமாவுச்சி என்பவர் தொடங்கிய சீட்டுக்கட்டுக் கடை. பூப்படம் போட்ட சீட்டுகளைக் கையால் செய்து விற்றார்கள். கைவேலையில் பிறந்த வியாபாரம்தான் இன்று உலகம் முழுவதும் திரையில் ஓடுகிறது.

அந்தத் திரைப் பிராணிகளை மறுபடியும் கையால் துணியில் செய்து பார்க்கிற ஆசை ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலருக்கு உண்டு. காரணம் எளிது. விற்பனையாகிற பிகாச்சுவைக் கம்பெனி ஆயிரம் விதமாகச் செய்கிறது. ஒரு பிள்ளைக்குப் பிடித்தது கூட்டத்தில் கடைசியில் நிற்கிற ஏதோ ஒரு பிராணி என்றால், அது கடையில் கிடைக்காது. முதல் 151 பிராணிகளுக்கும் உள்ளங்கை அளவுப் பொம்மைகளை வரிசையாகக் கொண்டு வரும் வேலையே ஜப்பானில் 2018-இல்தான் நடந்தது. அதுவரை, வேண்டும் என்றால் தானே தைத்துக்கொள்ள வேண்டியதுதான். கடையில் இல்லாத சரக்கைக் கை செய்து கொடுத்தது.

வேலை எப்படி?

தையல் தெரிந்தவர்களுக்கே இது வேறு பாடம். சட்டை தைப்பவருக்கு அளவு எடுக்க ஆள் நிற்கிறார். இங்கே இருப்பது திரையில் தெரியும் தட்டையான படம் மட்டும். எங்கள் தங்கை மகள் முதலில் களிமண்ணில் உருவம் பிடித்தாள். அதன் மேல் பிளாஸ்டிக் காகிதம் சுற்றி, ஒட்டும் டேப்பை மேலுக்கு மேல் ஒட்டினாள். பிறகு தையல் எங்கெங்கே வரவேண்டும் என்று பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் வழியே கத்தியால் கீறி உரித்தாள். உரித்த துண்டுகளைத் தரையில் விரித்தால் அதுதான் வெட்டு மாதிரி. அதைச் சுற்றிலும் தையலுக்காகக் கால் அங்குலம் கூட்டித் துணியை வெட்ட வேண்டும்.

உருண்டையைத் தைப்பதற்கு ஆரஞ்சுப் பழமே வழிகாட்டி. சுளை சுளையாக ஆறு அல்லது எட்டுத் துண்டு வெட்டி ஓரத்தோடு ஓரம் இணைத்தால் உருண்டை வந்துவிடும். இதே நின்டெண்டோ விளையாட்டில் 1992-இல் வந்த கிர்பி என்ற ரோஸ் நிறப் பிராணி வெறும் பந்து போல இருக்கும். அதனால் புதிதாகப் பழகுபவர்கள் பலர் அதில்தான் கை வைக்கிறார்கள். பல்பசோரின் முதுகு விதையும் சுளை வேலைதான். ஆனால் நுனி கூராக முடிய வேண்டும். அந்த நுனி மூன்று முறை கோணலாக வந்து, மூன்று முறையும் பிரித்துத் தைத்தாள்.

மெத்தென்ற துணியில் மயிர் ஒரு பக்கம் படியும். எல்லாத் துண்டிலும் மயிர் ஒரே பக்கம் போகும்படி வெட்டாவிட்டால் ஒரே நிறத் துணியே இரண்டு நிறமாகத் தெரியும். வளைவான தையலில் ஓரத் துணியைச் சின்னச் சின்னதாக வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் உள்வெளியாகத் திருப்பும்போது சுருங்கி நிற்கும். பஞ்சு அடைப்பதை மட்டும் நம்மால் உடனே புரிந்துகொள்ள முடிந்தது. சாக்கில் சரக்குப் போடும்போது மூலையை முதலில் நிரப்புவோம் அல்லவா? அதேபோலக் கால் நுனியில் தொடங்கிச் சிறிது சிறிதாகத் திணிக்க வேண்டும். கடைசியில் திணித்த வாயை நூல் வெளியே தெரியாமல் மறைதையலால் மூட வேண்டும்.

நாங்களும் எங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னோம். இலவம் பஞ்சு கொடுத்தோம். அது நாளானால் கட்டி கட்டியாகும், துவைக்க முடியாது என்று அவள் பாலியெஸ்டர் பஞ்சைத் தேடிப் போனாள். பொம்மை சாயாமல் உட்கார அடியில் கனம் வேண்டும் என்று கடையிலிருந்து ஒரு பிடி பட்டாணி எடுத்தாள். "ஆறு மாசத்தில வண்டு விழும்மா" என்று தடுத்தோம். அவ்வளவு பெரிய வேலையில் எங்கள் பங்கு அது ஒன்றுதான்.

நாங்கள் செய்த தவறு

பொம்மையைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் மாட்டினோம். பெருமைக்குத்தான் மாட்டினோம். இரண்டாம் நாள் காரில் வந்த ஒருவர் விலை கேட்டார். கடைக்காரன் வாய் சும்மா இருக்குமா? "350 ரூபாய்" என்று சொல்லிவிட்டோம். அவர் பேரம்கூடப் பேசாமல் வாங்கிக்கொண்டு போனார். அதோடு விடவில்லை. பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்காரர் கேட்டார் என்று பத்து உருப்படிக்கு ஆர்டரும் பிடித்தோம்.

சாயங்காலம் கடைக்கு வந்தவள் ஆணியைப் பார்த்தாள். நடந்ததைச் சொல்லிப் பணத்தை நீட்டினோம். "மாமா, அதை நான் விக்கிறதுக்குத் தைக்கலையே" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பேச்சுக்காக ஆர்டரில் இரண்டு தைத்தாள். அந்த இரண்டிலும் முதல் பொம்மையின் முகம் இல்லை. மூன்றாவதுக்கு வெட்டிய துணியைச் சுருட்டி வைத்துவிட்டு, மிஷின் மேல் பழைய போர்வையைப் போர்த்திவிட்டாள். அந்தப் போர்வை அடுத்த பல மாதம் அப்படியே கிடந்தது.

தாய்மாமன் என்றால் கொடுக்கிறவன் என்று ஊரில் பெயர். நாங்கள் எடுத்து விற்றுவிட்டோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது வெட்கம் இன்னும் கூடியது. துணி, பஞ்சு, நூல், கண்ணுக்கு ஃபெல்ட் எல்லாம் சேர்ந்து 180 ரூபாய். வேலை நேரம் 22 மணி என்று அவளே நோட்டில் எழுதி வைத்திருந்தாள். 350-இல் 180 போக மீதி 170. அதை 22 மணிக்கு வகுத்தால் மணிக்கு 8 ரூபாய்கூடத் தேறவில்லை. மூட்டை சுமப்பவரிடம் இந்தக் கூலியைச் சொன்னால் நம்மைச் சும்மா விடுவாரா? நியாயமான கூலி போட்டால் அந்தப் பொம்மைக்கு இரண்டாயிரம் ரூபாயாவது சொல்ல வேண்டும். அந்த விலைக்கு நம் கடையில் விற்காது. விற்கிற விலைக்குக் கொடுத்தால் தைத்தவரின் உழைப்பை நாம் விழுங்குகிறோம். பொழுதுபோக்காகச் செய்கிற வேலைக்கு மணிக் கணக்கு கிடையாது. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வருகிறது. விலை போட்ட அன்றே அதற்கு மணிக் கணக்கு வந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

பிறகு சங்கக் கூட்டத்தில் எங்களுக்குப் பழக்கமான ஆடிட்டர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் சொன்னதை உறுப்பினர்கள் அனைவரும் கவனிக்க வேண்டும்.

முதலாவது, அந்தப் பிராணி இன்னொருவர் சொத்து. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஒருவர் தம் சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் செய்துகொள்வதற்கு இடம் விட்டிருக்கிறது. விற்பனைக்கு வைப்பது வேறு. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. பெயரை எழுதி விற்றால் 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பிரபல கம்பெனியின் உறையைப் போலவே அச்சடித்த போலி டீத்தூளைக் கடையில் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். எங்கோ உட்கார்ந்து அச்சடித்தவன் தப்பித்துக்கொள்வான். கடை வைத்திருப்பவன் கையோடு மாட்டுவான். பொம்மைக்கும் அதுவே கதி.

இரண்டாவது, பொம்மைத் தரக் கட்டுப்பாட்டு ஆணை. 2020-இல் பிறப்பிக்கப்பட்டு 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைகளை ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. துணிப் பொம்மையும் இதில் அடக்கம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. விடுமுறைக்கு வந்த பெண் அந்தப் பதிவில் இல்லை. 2016-ஆம் ஆண்டுத் தர நிர்ணயச் சட்டம் இத்தகைய மீறலுக்கு முதல் முறையே 2 லட்சத்துக்குக் குறையாத அபராதம் என்று விதித்தது. 350 ரூபாய் வியாபாரத்துக்கு எத்தனை பெரிய வில்லங்கம் பாருங்கள்!

இந்த ஆணை வெறும் கெடுபிடி என்று தள்ளிவிடவும் முடியாது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை பொம்மையின் கண்ணாக வைத்த பொத்தானைப் பிடுங்கி வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சின்னப் பிள்ளைகளுக்குத் தைக்கும்போது பொத்தான் வைக்காமல் கண்ணை நூலால் பூவேலை செய்கிறார்கள். எங்கள் பொம்மையை வாங்கிப் போனவர் வீட்டில் எத்தனை வயதுக் குழந்தை இருந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை.

மிட்டாய்க் கடைக்காரர் கதை

"வீட்டில் தைப்பதை விற்று முன்னுக்கு வந்தவர்கள் இல்லையா?" என்று சில அன்பர்கள் கேட்கலாம். இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் நம்மைப் போன்ற சில்லறைக் கடைக்காரர்தான். ரஷ்யாவிலிருந்து பிழைக்கப் போன மோரிஸ் மிச்டம், அமெரிக்காவில் புரூக்ளின் பகுதியில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். 1902 நவம்பரில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் வேட்டைக்குப் போன இடத்தில், கட்டிப் போட்டிருந்த கரடியைச் சுட மறுத்தார். அது பத்திரிகையில் கேலிச் சித்திரமாக வந்தது. மிச்டத்தின் மனைவி ரோஸ் துணியில் கரடி தைத்தார். கடை ஜன்னலில் வைத்தார்கள். 'டெடி' என்ற ஜனாதிபதியின் செல்லப் பெயரே கரடிக்கும் பெயரானது. அந்தப் பெயரை வைக்க ஜனாதிபதிக்கே கடிதம் எழுதி அனுமதி கேட்டதாக அந்தக் குடும்பத்தார் சொல்லி வந்தார்கள். பின்னாளில் அவர்கள் கம்பெனி 'ஐடியல்' என்ற பெயரில் பெரிய பொம்மைக் கம்பெனியாக வளர்ந்தது.

ஜெர்மனியில் மார்கரெட் ஷ்டைஃப் என்ற அம்மையார் கதை இன்னும் உயர்ந்தது. குழந்தையிலேயே போலியோ வந்து கால் நடக்காது. வலது கையும் பலவீனம். தையலில் தேர்ந்து சிறு துணிக்கடை வைத்தார். ஒரு பத்திரிகையில் வந்த வெட்டு மாதிரியைப் பார்த்து, ஊசி குத்தி வைக்க ஃபெல்ட் துணியில் யானை தைத்து 1880 வாக்கில் உறவினர்களுக்குக் கொடுத்தார். பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு விளையாடப் போய்விட்டார்கள். வியாபாரம் அங்கிருந்து பிறந்தது. போலிகள் வரத் தொடங்கியதும் 1904-இல் பொம்மையின் காதில் உலோகப் பொத்தான் வைத்தார்கள். அதுவே இன்றும் அந்தக் கம்பெனியின் அடையாளம்.

இங்கிலாந்தில் முயல் கதை எழுதிய பீட்ரிக்ஸ் பாட்டர், தம் கதையில் வரும் முயலைத் தாமே துணியில் தைத்து, 1903 டிசம்பரில் லண்டனில் பதிவும் செய்துவிட்டார். பதிவின் அருமை அவருக்குத் தெரியும். அவர் புத்தகத்துக்கு அமெரிக்காவில் உரிமை பதியாமல் விட்டதால் அங்கே கண்டவர்களும் அச்சடித்து விற்றார்கள்.

இந்த மூன்று கதையிலும் பொதுவாக உள்ளதைக் கவனியுங்கள். விற்கலாம் என்று முடிவெடுத்தவர்கள் தைத்தவர்களும் அவர்கள் வீட்டாரும். தைத்த கைக்குத் தெரியாமல் ஜன்னலில் ஏற்றவில்லை. கரடிக்குப் பெயர் வைக்க அனுமதி கேட்டதாகச் சொல்கிறார்கள். முயல் சொந்தக் கற்பனை. யானையோ யாருக்கும் தனிச் சொத்து அல்ல. நாங்கள் செய்ததில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

நாம் செய்யக் கூடியது

ஆகவே எங்கள் கருத்து இதுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் ஆசைக்குப் பொம்மை தைத்துக் காட்டினால், "எத்தனை தருவாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். முதல் கேள்வியில் ஒரு கைவேலை கெடும், சட்டமும் குறுக்கே வரும். இரண்டாவது கேள்வியில் நமக்கு முறையான வியாபாரம் இருக்கிறது.

அந்த வியாபாரம் சிறிதுதான், ஆனால் நிலையானது. தைக்கிறவர்களுக்கு ஒரு மீட்டர் துணி தேவைப்படாது. கால் மீட்டர் போதும். ஒரு கிலோ பஞ்சு தேவையில்லை. நூறு கிராம் போதும். ஃபெல்ட் துணி பள்ளிக்கூட நோட்டு அளவில் நிறத்துக்கு ஒன்று வேண்டும். கறுப்பு நூலும் வெள்ளை நூலும் மட்டும் வைத்துக்கொண்டு "அவ்வளவுதான் இருக்கு" என்றால் அவர்கள் வேறு எங்கோ தபாலில் தருவித்துக்கொள்கிறார்கள். நம் தெருப் பெண்ணுக்குப் பச்சையில் நான்கு சாயல் நூல்கண்டு வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெருங்காயத்தையும் ஏலக்காயையும் பத்து கிராம் நிறுத்துக் கொடுத்துத்தானே நாம் வாடிக்கை பிடித்தோம்? அந்தப் பொறுமை பஞ்சுக்கும் நூலுக்கும் ஆகாதா? ஃபேன்ஸி ஸ்டோர், பொதுச் சரக்குக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் இதை முயன்று பார்க்கலாம். மொத்த வியாபாரிகள் பாலியெஸ்டர் பஞ்சைச் சிறு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் சில்லறைக் கடைக்கு உதவியாக இருக்கும். தரமறியாத கழிவுப் பஞ்சைக் கட்டிக் கொடுக்க வேண்டாம். குழந்தை முகத்தை வைத்துப் படுக்கும் பொருள் அது.

தைப்பவரே முன்வந்து, "நான் இதைத் தொழிலாகச் செய்யப் போகிறேன்" என்றால் அது வேறு விஷயம். அப்போது மனதார உதவுங்கள். சொந்தமாக ஒரு உருவத்தை யோசிக்கச் சொல்லுங்கள். கைவினைஞர் பதிவுக்கு வழி காட்டுங்கள். விலையை அவரே சொல்லட்டும். விற்ற பிறகு தருகிறோம் என்று பொம்மையை வாங்கி அலமாரியில் தூசி படிய விடாமல், ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். நமக்குக் கடன் சொல்லும் வாடிக்கையாளரை நாம் எப்படிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

எங்கள் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த விடுமுறைக்கு அவள் வருவதற்கு முன்பே மிஷின் மேலிருந்த போர்வையை எடுத்து, பெல்ட் மாற்றி, நான்கு சாயல் பச்சை நூலும் இரண்டு பொட்டலம் பஞ்சும் வாங்கி வைத்தோம். ஒன்றும் பேசவில்லை. மூன்று நாள் அவளும் தொடவில்லை. நான்காம் நாள் இரவு மிஷின் சத்தம் கேட்டது. புதிதாகத் தைத்த பல்பசோர் இப்போது அவள் ஹாஸ்டல் கட்டிலில் இருக்கிறது. எங்களுக்கென்று ஆரஞ்சுச் சுளைக் கணக்கில் சின்னதாக ஒரு கிர்பி தைத்துக் கொடுத்தாள். அதே ஆணியில்தான் தொங்குகிறது. வருகிறவர்கள் விலை கேட்கத்தான் செய்கிறார்கள். "விற்பனைக்கு இல்லை" என்று எழுதிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் விலை சொல்லிப் பழகிய நமக்கு அந்தச் சீட்டை எழுதக் கை கூசியது உண்மை. ஆனாலும் ஒவ்வொரு கடையிலும் அப்படி ஒரு பொருள் இருப்பது நல்லது என்றே எண்ணுகிறோம். உறுப்பினர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கைவேலையைக் கல்லாவுக்கு அழைக்கும் முன் ஒருமுறை யோசிக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.